கொரியாவின் வீட்டு மது எங்கே போனது?

1670 வாக்கில் அன்டோங் பக்கத்து உயர்குடிப் பெண் ஒருவர், ஜாங் கியே-ஹியாங், எழுபது வயதைத் தாண்டிய நிலையில் ஒரு சமையல் நூல் எழுதினார். பெயர் ‘உம்சிக் டிமிபாங்’. ஆண்கள் சீன எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கொரிய எழுத்தில் எழுதிய புத்தகம். மகள்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மூலத்தைப் புகுந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று கண்டிப்பாக ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார். அதிலுள்ள 146 செய்முறைகளில் 51 மது பற்றியவை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்!

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜோசன் காலக் கொரியாவில் மது என்பது கடைச்சரக்கு என்பதைவிட வீட்டுச்சரக்கு. முன்னோர் சடங்குக்கும் விருந்தாளிக்கும் வீட்டிலேயே வடித்தாக வேண்டும். வடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இதற்குக் ‘கயாங்ஜு’, அதாவது வீட்டில் வடித்த மது, என்று பெயர். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ‘நூருக்’. கோதுமையை அரைகுறையாக உடைத்து, தண்ணீர் தெளித்து, அச்சில் போட்டுக் காலால் மிதித்து வில்லையாக்கி, வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். காற்றிலிருக்கும் பூஞ்சையும் ஈஸ்ட்டும் தானாக வந்து குடியேறும். அதைப் பொடித்து, ஆவியில் வேகவைத்த அரிசியோடும் தண்ணீரோடும் மண்ஜாடியில் போட்டால் நுரைத்துப் புளிக்கும். ஜாடிக்குள் மூங்கில் கூடையை இறக்கி மேலே தெளிந்ததை மொண்டால் அது ‘சொங்ஜு’, தெளிந்த மது. மிச்சத்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்டினால் மக்கொல்லி. ஒரே ஜாடி, மேலே பெரிய மனுஷனுக்கு, கீழே உழவனுக்கு.

இதைக் காய்ச்சி இறக்கினால் சோஜு. ‘எரித்த மது’ என்று பொருள். காய்ச்சும் வித்தை 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்களோடு வந்தது. கேசோங் பக்கம் சோஜுவை ‘அராக்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். நம்மூர் ஆங்கிலப் பேப்பர்கள் சாராயத்துக்கு எழுதும் ‘அராக்’ இருக்கிறதே, அதே அரபுச் சொல்தான். வியர்வை என்று அர்த்தம். பானை வியர்க்கிறது, சொட்டு விழுகிறது.

அரசர்கள் இதையெல்லாம் சும்மா விட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். சோற்றுக்கு வேண்டிய அரிசி ஜாடிக்குள் போகிறதே என்ற கவலை அவர்களுக்கு எப்போதும் உண்டு. யோங்ஜோ மன்னர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். 1762-இல் மது வைத்திருந்ததாக ஒரு படைத் தளபதியின் தலையையே வாங்கினார். ஆனாலும் தடை போனதும் ஜாடிகள் திரும்ப வந்துவிட்டன. வீட்டுக்குள் கைப்பக்குவம் இருந்ததே, அதை யாரும் பிடுங்கவில்லை.

அதைப் பிடுங்கியது வாள் இல்லை, வரி. ஜப்பானியப் பிடி இறுகிக்கொண்டிருந்த 1909-இல் மதுவரிச் சட்டம் வந்தது. வீட்டில் வடிக்கவும் உரிமம் வேண்டும் என்றார்கள். 1916-இல் இன்னும் இறுக்கினார்கள். வீட்டு மதுவுக்கு வரி அதிகம், அளவுக்கு உச்சவரம்பு, விற்கவும் கூடாது. லட்சக்கணக்கில் இருந்த வீட்டு உரிமங்கள் கரைந்துபோய், 1934-இல் அந்த உரிமமே சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. மறுபக்கம், காலனி அரசின் வரி வருமானத்தில் மதுவரி முன்வரிசைக்கு வந்துவிட்டது. தடை செய்தால் வருமானம் போகும். வீட்டிலிருந்து ஆலைக்கு மாற்றினால் கொட்டும். கணக்கு அவ்வளவுதான்.

1945-இல் ஜப்பான் போனது, சட்டத்தின் சாரம் போகவில்லை. சொந்த அரசாங்கத்தின் அதிகாரிகளே கிராமம் கிராமமாகத் திருட்டு மது தேடினார்கள். ஜனங்கள் ஜாடியை வைக்கோல்போரில் ஒளித்தார்கள். அப்புறம் பார்க் சுங்-ஹீ ஆட்சியில், அரிசிப் பற்றாக்குறையைக் காட்டி, 1965-இல் சோஜுவுக்கு அரிசி கூடாது என்றானது. கொஞ்ச நாளில் மக்கொல்லிக்கும் அதே கதி. கோதுமை மாவில் வடித்தார்கள். கொரியத் தொடர்களில் ஆளாளுக்குக் கவிழ்க்கிறார்களே ஒரு பச்சை பாட்டில், அது இந்தக் காலத்தின் பிள்ளை. சர்க்கரைவள்ளி, மரவள்ளி மாதிரி மலிவான சரக்கிலிருந்து ஆலையில் எடுத்த சுத்த ஆல்கஹாலில் தண்ணீரும் இனிப்பூட்டியும் கலந்தது. பெயர் மட்டும் பழைய சோஜு.

ஆனால் குடிக்கிற முறை பிழைத்துக்கொண்டது. பெரியவருக்கு இரண்டு கையால் ஊற்றுவது, அவர் முன்னால் முகத்தைத் திருப்பிக் குடிப்பது, தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளாதது, எல்லாம் அப்படியே இருக்கிறது. சடங்கு மிஞ்சியது, கிண்ணத்தில் இருந்ததுதான் மாறிப்போனது.

1986-இல், சியோல் ஒலிம்பிக் நெருங்கும்போது, அரசுக்குத் திடீரென்று பாரம்பரியம் ஞாபகம் வந்தது. முன்பேஜு, கியோங்ஜு பெப்ஜு, மியோன்சோன் ஊரின் பூ மது ஆகிய மூன்றும் தேசியப் பண்பாட்டுச் சொத்துகள் ஆயின. அன்டோங் சோஜுவுக்கு அடுத்த வருஷம் மாகாண அங்கீகாரம். வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வடிக்க அனுமதி கிடைத்தது 1995-இல்தான். இடையில் இரண்டு தலைமுறை ஜாடி தொடாமலே போயாச்சு. இன்று மது வடிப்பவர்கள் ஜாங் அம்மையார் போன்றவர்களின் புத்தகங்களைப் பிரித்து, ‘ஒரு கிண்ணம்’ என்றால் எவ்வளவு என்று தலையைச் சொறிந்துகொண்டே முயன்று பார்க்கிறார்கள்.

ஒரு கொசுறு. இன்றைய கொரிய மதுவரிச் சட்டத்தில் நூருக் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால்தான் அந்தத் தெளிந்த அரிசி மதுவுக்கு ‘சொங்ஜு’ என்று பெயர். அந்த வரையறைக்குள் அடங்குவது ஜப்பானிய முறையில் செய்த மது. ஊர்ப் பக்குவப்படி நூருக் தாராளமாகப் போட்டு வடித்தால் பாட்டிலில் ‘யாக்ஜு’ என்றுதான் ஒட்டவேண்டும்.