தொலைபேசி இணைப்பும் பழைய வீட்டுக் கம்பிகளும்

வீட்டுத் தொலைபேசிக் கம்பி என்பது தெருக் கம்பத்திலிருந்து வரும் இணைப்பைச் சுவரிலுள்ள ரோசெட் பெட்டி வழியாகக் கருவி வரை கொண்டுசெல்லும் இரண்டு செப்புக் கம்பிகளைக் குறிக்கும். இணைப்பகங்கள் பலமுறை மாறியபோதும் வீட்டுக்குள் இருந்த இந்த இணை பெரும்பாலும் மாற்றப்படவில்லை. புதிய சேவைகள் பழைய கம்பியையே மீண்டும் பயன்படுத்திக்கொண்டன. ஆனால் சவ்வாது மலையிலுள்ள அமிர்தி போன்ற இடங்களில் தொலைவு இதற்குத் தடையாக இருந்தது.

தோற்றம்

1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் முறைப்படி திறக்கப்பட்டன. உலகின் தொடக்ககாலத் தொலைபேசித் தடங்கள் பலவற்றில் ஒரே கம்பிதான் இருந்தது. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியாக நிலமே பயன்பட்டது. மின்சார டிராம்கள் ஓடத் தொடங்கியதும் அத்தடங்களில் இரைச்சல் மிகுந்தது. இதற்குத் தீர்வாக, கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற முறுக்கிய இரட்டைக் கம்பி பரவியது.

மாறாத இணை

இணைப்பகம் இக்கம்பிகளில் 48 வோல்ட் நேர்மின்னோட்டம் அனுப்பும். ஒலிவாங்கியை எடுத்ததும் சுற்று மூடப்படும். மணி அடிக்க ஏறத்தாழ 75 வோல்ட் மாறுமின்னோட்டம் வரும். ஸ்ட்ரோஜர், கிராஸ்பார், மின்னணு இணைப்பகம் என எது வந்தாலும் இந்த அடிப்படை ஏற்பாடு தொடர்ந்தது. அதனால் வீட்டுக் கம்பியைத் தொட வேண்டிய தேவை எழவில்லை.

2005இல் பி.எஸ்.என்.எல். தொடங்கிய அகலப்பட்டை இணையமும் இதே இணையில் வந்தது. பேச்சு 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழேயும், இணையத் தரவு 25 கிலோஹெர்ட்சுக்கு மேலேயும் சென்றன. இரண்டையும் பிரிக்க ஸ்பிளிட்டர் பொருத்தப்பட்டது. பேச்சுக்குப் போதுமானதாக இருந்த துருப்பிடித்த இணைப்புகளும் வடிகட்டியில்லாத பேரலல் போன்களும் இணையத்துக்கு இடையூறாயின.

மலைப்பகுதி

அமிர்தி வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ளது. 0.5 மி.மீ. செப்பு இணையின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம். அந்தத் தொலைவுக்கு அது 4,000 ஓமைத் தாண்டும். சாதாரண இணைப்பகம் ஏற்கும் அளவைப் போல இது பல மடங்கு. அகலப்பட்டை இணையமோ 5 கி.மீ. தாண்டினாலே வெகுவாக நலிந்துவிடும். ஆகவே மலைக்கு இணைப்பு வேண்டுமெனில் இணைப்பகமே அருகில் வர வேண்டும்.

1984இல் நிறுவப்பட்ட சி-டாட், 128 முனைகள் கொண்ட சிறிய ஊரக இணைப்பகத்தை உருவாக்கியது. அதன் முதல் இணைப்பகம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் அமைந்தது. 1990களில் சென்னை ஐ.ஐ.டி. குழுவினர் பங்கேற்று உருவாக்கிய கார்டெக்ட், வெளிக் கம்பிக்குப் பதில் வானலையைப் பயன்படுத்தியது. வீட்டுச் சுவரில் பொருத்தும் அதன் பெட்டியில் வழக்கமான தொலைபேசியையே இணைக்க முடிந்தது. ஆனால் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே மலை மறைத்தால் இடைநிலைக் கோபுரம் தேவைப்பட்டது.

ஒளியிழைக் காலம்

கிராம ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2011இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இதுவே பின்னர் பாரத்நெட் ஆனது. ஒளியிழை வந்த வீட்டில் தெருவிலிருந்து வரும் செப்புக் கம்பிக்கு வேலையில்லை. சுவருக்குள் உள்ள கம்பிக்கு இன்னும் வேலை உண்டு. ஒளியிழைப் பெட்டியின் தொலைபேசித் துளையில் அதை இணைத்தால் பழைய அறைகளிலெல்லாம் மணி அடிக்கும். அதற்கு முன் ரோசெட் பெட்டியில் வெளிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் இணைப்பகத்திலிருந்து வரும் மின்சாரமோ, மின்னலின் தாக்கமோ புதிய பெட்டியைப் பழுதாக்கலாம்.

ஒரு வேறுபாடும் உண்டு. பழைய தொலைபேசிக்கு இணைப்பகத்தின் மின்கலங்களே மின்சாரம் அளித்தன. ஊரில் மின்சாரம் நின்றாலும் பேச முடிந்தது. ஒளியிழைப் பெட்டி வீட்டு மின்சாரத்தில் இயங்குவது. மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போனால், மின்கலம் இல்லாத வீட்டிலிருந்து அந்தத் தொலைபேசி வழியாக 108ஐக்கூட அழைக்க முடியாது. பழைய கம்பியை மீண்டும் பயன்படுத்தும்போது, பழைய இணைப்பு தந்த இந்தப் பாதுகாப்பை மின்கலம் வைத்துத் தனியே ஈடுசெய்ய வேண்டியுள்ளது.