ஒரு கோடி ரூபாய் வதந்தி

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்டுவிட்டு, அத்தோடு விசாரணை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் நம்மில் அநேகர். எரிவது வைக்கோற்போரா, யாரோ பற்றவைத்த சுருட்டா என்று எழுந்து போய்ப் பார்ப்பவர்கள் குறைவு. 1957-இல் சிலர் எழுந்து போய்ப் பார்த்தார்கள்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்து அப்போது ஒரு வருஷம் நிறையவில்லை. பாலிசிதாரர்களின் பணத்தைத் தனியார் முதலாளிகள் சொந்தப் பெட்டியாகப் பாவித்தார்கள் என்பதுதான் 245 ஸ்தாபனங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டதற்கு முக்கியமான காரணம். டால்மியாவின் பாரத் இன்ஷூரன்ஸ் விவகாரத்தை 1955-இல் பார்லிமெண்டில் அம்பலப்படுத்தியவர் பெரோஸ் காந்தி. திருட்டுக்குப் பயந்து நகையைச் சர்க்கார் வீட்டில் வைத்தாயிற்று. அங்கேயும் பூட்டு சரியில்லை என்றொரு பேச்சு கிளம்பினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அப்படித்தான் கிளம்பியது. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தனியார் நிறுவனத்தில் கார்ப்பொரேஷன் ஒரு கோடி ரூபாயைப் போட்டிருப்பதாகப் பத்திரிகையில் செய்தி. அது மெய்தானா என்று 1957 செப்டம்பரில் லோக்சபையில் கேள்வி வந்தது. நேரான பதில் வரவில்லை. வதந்திக்கு இதைவிடச் சத்துள்ள உரம் கிடையாது!

பெரோஸ் காந்தி ஆளும் கட்சியின் அங்கத்தினர்; பிரதம மந்திரியின் மாப்பிள்ளை. டிசம்பர் 16-ஆம் தேதி அவர் சபையில் எழுந்தபோது, அந்த ஒற்றை வதந்தி பல சின்னக் கேள்விகளாக உடைந்துவிட்டிருந்தது. எந்தத் தேதியில் வாங்கினார்கள்? என்ன விலைக்கு? முதலீட்டுக் கமிட்டியைக் கேட்டார்களா? இவை ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு காகிதம் இருந்தே தீரவேண்டும். தேடினால் அகப்படும், அல்லது இல்லை என்பது அகப்படும். யார் எவ்வளவு விழுங்கினார் என்பதிலேயே திண்ணைப் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கு யாரும் ரசீது கொடுப்பதில்லை.

1958 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி சாக்ளா விசாரணையை ஏற்றார். உள்ளே இடமில்லாத ஜனங்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். பேச்சாகத் திரிந்ததை ஜனங்கள் சாட்சியமாகக் கேட்டார்கள்.

வதந்தியில் தொகை குறைவு! 1957 ஜூன் கடைசியில், முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகள் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டிருந்தன. முதலீட்டுக் கமிட்டியைக் கேட்கவில்லை. கல்கத்தாப் பங்குச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கத்தான் வாங்கினோம் என்ற சமாதானமும் நிற்கவில்லை. சந்தை முழுவதும் சரியும்போது ஒரே மனிதருடைய பங்குகளை மட்டும் தாங்கினால் சந்தை எப்படி நிமிரும்?

ஆனால் மந்திரி பணம் வாங்கினார் என்ற முடிவு சாக்ளாவின் அறிக்கையில் இல்லை. காகிதம் கிடைக்காத இடம் ஒன்று இருந்தது. மந்திரியிடம் சொல்லித்தான் செய்தேன் என்றார் காரியதரிசி எச்.எம். படேல். நான் சம்மதம் தரவில்லை என்றார் மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர். சாக்ளா, தெரிந்த பிறகும் மந்திரி மறுக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டார். காரியதரிசி செய்ததற்கு அரசியல் சட்டப்படி மந்திரியே பொறுப்பு என்றார். பொறுப்பு வேறு, லஞ்சம் வேறு. அந்த வித்தியாசம் ஒலிபெருக்கிக்கு வெளியே எத்தனை தெருக்கள் வரை போயிருக்கும் என்பது என் சந்தேகம்.

பிப்ரவரியில் டி.டி.கே. ராஜிநாமாச் செய்தார். 1962-இல் மந்திரிசபைக்குத் திரும்பி, 1963-இல் மறுபடியும் நிதி மந்திரியானார். 1977-இல் ஜனதா ஆட்சி வந்தபோது அதே நாற்காலியில் வந்து அமர்ந்தவர் எச்.எம். படேல்.