மருந்து கெட்டித்த காலம்

மதுரைச் சமவெளியிலும் அழகர்மலைச் சாரலிலும் வளரி வீசி மான் வீழ்த்திய கைகள், துப்பாக்கி வந்த பின்னர், வெடியுப்பும் கந்தகமும் கரியும் கூட்டிய மருந்தைக் குழல்வாயில் அளந்து பெய்து, தேங்காய் நார் திணித்துக் கம்பியால் இடித்து, பறவைக்குப் பொடி ரவையும் மானுக்குப் பெரிய குண்டும் தேர்ந்திடும் வித்தையை அப்பியாசித்தன. மருந்து குறைந்தால் மிருகம் காயத்தோடு ஓடிவிடும். மிகுந்தாலோ குழலே வெடித்து விரல்களைக் கொண்டுபோகும்.

1801இல் பாளையக்காரர் யுத்தம் முடிந்ததும் கிழக்கிந்தியக் கும்பினியார் கோட்டைகளை இடித்து, இத்தகைய ஆயுதங்களைப் பறித்தனர். 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் குடியானவனிடம் லைசென்ஸ் கேட்டது. துரைமாருக்கு விலக்களித்த அந்த நியாயம் விசித்திரமானதுதான். 1972இன் வன உயிரினச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்த, 1991இன் திருத்தம் மான் வேட்டைக்கான அனுமதியையே ஒழித்தது.