வோல்க்ஸ்வாகன் டபுள் கேபின் பிக்கப்பைப் புதுப்பித்தல்

வோல்க்ஸ்வாகன் டபுள் கேபின் பிக்கப், இரண்டு வரிசை இருக்கைகளும் பின்னால் திறந்த சரக்குத் தட்டும் கொண்ட சிறு வண்டி. ‘டைப் 2’ வேன் குடும்பத்தின் முதல் தலைமுறையில் ஒரு வகையாக 1958 முதல் 1967 வரை ஜெர்மனியில் தயாரானது. ஜெர்மானியர் இதை ‘டோகா’ என்று சுருக்கி அழைப்பர். அதே குடும்பத்துப் பயணிகள் வேனைப் புதுப்பிப்பதைவிட டோகாவைப் புதுப்பிப்பது கடினம். முன்கதவுகள், கண்ணாடி, முகப்பு ஆகியவை அந்தத் தலைமுறையின் எல்லா டைப் 2 வண்டிகளுக்கும் பொது. முன் இருக்கைக்குப் பின்னால் உள்ளவற்றில் பெரும்பகுதி டோகாவுக்கு மட்டுமே உரியது. வேலையின் பாரம் முழுவதும் அந்தப் பின்பாதியில்தான் விழுகிறது.

டைப் 2 வேன் 1950இல் சந்தைக்கு வந்தது. 1952இல் ஒற்றை கேபின் பிக்கப் சேர்ந்தது. கட்டடவேலைக் குழுவையும் கருவிகளையும் ஒரே வண்டியில் ஏற்றிச்செல்ல வேண்டும் என்ற தேவை எழுந்தபோது, லோர்ஷ் நகரின் பின்ஸ் என்னும் வண்டிக்கூடு கட்டும் நிறுவனம் ஒற்றை கேபின் பிக்கப்புகளை வெட்டி நீட்டி இரட்டை கேபினாக்கித் தந்தது. 1958இல் வோல்க்ஸ்வாகன் தன் ஹானோவர் ஆலையிலேயே டோகாவைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்ஸ் கட்டிய வண்டிகள் அதனால் டோகாக்களிலும் அரியவை.

உழைக்க வாங்கிய வண்டி என்பதால் எவரும் இதைப் பொத்திவைக்கவில்லை. சிமென்ட், மணல், ஈரக் கயிறு என்று ஏற்றிச் சுமந்து, துருப்பிடித்ததும் உடைசலுக்குப் போனது. அமெரிக்காவில் இது அரிதானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் வரி விதித்ததற்குப் பதிலடியாக, அதிபர் லிண்டன் ஜான்சன் இறக்குமதியாகும் சிறு சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீத வரி விதித்தார். 1964 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பயணிகள் வேன் கார் என்ற கணக்கில் தப்பியது, பிக்கப் மாட்டிக்கொண்டது. அந்த ஆண்டே மேற்கு ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற சரக்கு வண்டிகளின் மதிப்பு முந்தைய ஆண்டின் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. கோழிக்காக எழுந்த சண்டையில் ஒரு நல்ல வண்டி அருகிப்போனது வருத்தத்துக்குரியது.

வாங்கும்போது பளபளப்பான பெயின்ட்டை நம்பக் கூடாது, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். டைப் 2க்குத் தனியாகக் கழற்றக்கூடிய சேசிஸ் கிடையாது. இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் பாடியோடு சேர்த்தே வெல்டு செய்யப்பட்டவை. ஆகவே அடிப்பகுதித் துரு என்பது வண்டியின் எலும்பில் ஏறிய துரு. சக்கர வளைவுகள், முன் தரை, கதவுகளின் கீழ் விளிம்பு, பேட்டரி தட்டு, கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டம் ஆகியவை முதலில் இற்றுப்போகும். சரக்குத் தட்டின் இணைப்புகள் வழியே இறங்கும் மழைநீர் அடியில் தேங்கி, மேலே தெரியாமல் தகரத்தைத் தின்னும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்கிறது. பட்டி பூசி மறைத்த இடத்தில் ஓசை மந்தமாகிறது.

டிங்கரிங் வேலையில் முதல் எதிரி அவசரம். டோகாவுக்குப் பின் இருக்கைக் கதவு ஒரு பக்கம்தான், ஓட்டுநருக்கு எதிர்ப்புறம். ஆக அந்தப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு கதவுத் திறப்புகள் இருப்பதால் பாடி அங்கேதான் பலவீனம். இற்றுப்போன பக்கச் சட்டத்தை அறுத்தெடுக்குமுன், திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டு செய்து முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் தொய்ந்துவிடும். புதுச் சட்டம் பற்றவைத்த பிறகு கதவு சாத்தாது. அந்தத் தவறைச் சரிசெய்ய எல்லாவற்றையும் மீண்டும் அறுக்க வேண்டியதுதான். ஒவ்வொரு தகடும் பற்றவைக்கப்படுமுன் கதவை மாட்டி, சாத்தி, நாற்புறமும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்ப்பதே நல்ல வேலைக்காரரின் அடையாளம்.

முன்பாதித் தகடுகள் புதிதாக அச்சிட்டுக் கிடைக்கின்றன. மூன்றாவது கதவு, அதன் நிலை, பின் கண்ணாடிச் சுவர், பின் இருக்கையின் அடிப்பெட்டி, குட்டையான தட்டு ஆகியவற்றைப் பெறுவது அவ்வளவு எளிதல்ல. இன்னொரு சிதைந்த டோகாவைத் தேட வேண்டும், அல்லது தகடு வளைப்பதில் தேர்ந்தவரிடம் அளவெடுத்துச் செய்விக்க வேண்டும். எனவே வாங்கும் வண்டியில் எஞ்சின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூன்றாவது கதவு இருக்கிறதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். தட்டின் மூன்று பக்கப் பலகைகளும் இறக்கிவிடக்கூடியவை. தகரத் தரைமீது பொருத்திய கெட்டி மரச் சட்டங்களை மட்டும் எந்தத் தச்சரும் செய்துவிடுவார்.

எஞ்சின் வேலை ஒப்பீட்டளவில் இலகு. காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சினை கியர்பாக்ஸோடு பிணைப்பவை நான்கு போல்ட்டுகளே. தொடக்கத்தில் 1192 சிசி, 30 குதிரைத்திறன்; பின்னர் 1493 சிசி, 42 குதிரைத்திறன். எஞ்சினைச் சுற்றியுள்ள தகர மறைப்புகளையும் ரப்பர் விளிம்புகளையும் தேவையற்றவை என்று கழற்றி எறிந்திருப்பார்கள். அவை இல்லாவிட்டால் கீழே வெளியேறும் சூடான காற்றையே விசிறி மீண்டும் உறிஞ்சி எஞ்சின் கொதிக்கும். 1966க்கு முந்திய வண்டிகளில் மின்சாரம் 6 வோல்ட். தடித்த ஒயரும் சுத்தமான எர்த் இணைப்பும் இருந்தால் அதுவே போதும், 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டிய கட்டாயமில்லை.

விலை ஏற ஏற, வேனையும் ஒற்றை கேபின் பிக்கப்பையும் வெட்டி ஒட்டி டோகாவாக்கும் பழக்கமும் வந்தது. வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அதில் தவறில்லை. சேசிஸ் எண்ணை வெட்டி வேறு வண்டியில் பற்றவைப்பது மோசடி. வண்டியிலுள்ள சிறு உலோகத் தகட்டில் பொறித்த குறியீடுகள் அது ஆலையிலிருந்து எந்த நிறத்தில், என்னென்ன கூடுதல் வசதிகளுடன் வந்தது என்பதைக் கூறும். அவற்றை ஆலைப் பதிவேட்டிலிருந்து பெறும் சான்றோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பல டோகாக்கள் சாம்பல் கலந்த புறாநீல நிறத்தில் வந்தவை. சிலவற்றின் கதவில் முதல் உரிமையாளரான கட்டட ஒப்பந்தக்காரரின் பெயர் கையால் எழுதப்பட்டு மங்கலாக நிற்கிறது. அந்தப் பெயின்ட் தகரத்தைக் காக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தால், சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்காமல் கழுவி மெழுகிட்டு விடுவதே மேல். அடியிலுள்ள சட்டங்களையும் தரையையும் மட்டும் சரிசெய்து மேல்பூச்சை அப்படியே காக்கும் முறையைப் பல சேகரிப்பாளர்கள் இன்று விரும்புகின்றனர்.