பலாலியா, கட்டுநாயக்கவா? விடுமுறைக்கு ஊர் வருவோர் விமானச்சீட்டு வாங்கமுன் அறியவேண்டியவை

விமான நிறுவனங்களின் விளம்பரங்களில் இலங்கை என்றால் தென்னை, வெண்மணல், நீலக்கடல். அதைப் பார்த்து மிரிசவுக்கு வரும் உல்லாசப் பயணிக்குக் கட்டுநாயக்கவில் இறங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் பிள்ளைகளோடு வடக்கிற்கு வரும் எம்மவர்களுக்கு அதன்பிறகும் ஏழெட்டு மணித்தியால ஓட்டம் இருக்கிறது. பல வருடச் சேமிப்பில் ஒருமுறை வரும் பயணம் இது. எங்கு இறங்குவது, எப்போது வருவது, எந்த ஆவணத்தில் வருவது என்ற மூன்றையும் சீட்டு வாங்கமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கட்டுநாயக்க வழி

ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வருவோரில் பெரும்பாலானோருக்கு இதுவே வழி. இலண்டனிலிருந்தும் பரிசிலிருந்தும் ஸ்ரீலங்கன் விமானங்கள் நேரடியாக வருகின்றன. மற்றவர்கள் டோகா, டுபாய், அபுதாபி போன்ற இடங்களில் விமானம் மாறி வரலாம். முழுப் பயணமும் ஒரே பதிவில் இருப்பதால் பொதி நேரே கொழும்புக்கு வந்துவிடும். இடையில் ஒரு விமானம் தாமதித்தாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு.

கவனிக்கவேண்டியது இறங்கும் நேரம். நள்ளிரவில் இறங்கி, உடனே ஹயஸ் வானில் ஏறி, புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக இரவோடிரவாக ஊருக்கு வருவது எங்களிடம் பழக்கமாகிவிட்டது. சாரதியும் அதே இரவில் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவராக இருப்பார். விமான நிலையத்திலிருந்து உறவுகளை ஏற்றிவந்த வான் அதிகாலையில் விபத்துக்குள்ளான செய்திகளை நாங்கள் திரும்பத் திரும்ப எழுதிவருகிறோம். முடிந்தவரை காலையில் இறங்கும் விமானத்தைத் தெரிவுசெய்யுங்கள். இரவில்தான் இறங்கவேண்டுமென்றால் நீர்கொழும்பில் ஓரிரவு தங்குங்கள். அந்த அறை வாடகை வீண்செலவு ஆகாது.

பலாலி வழி

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் பலாலி. எயார் சிலோனின் முதல் சேவை 1947 டிசெம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு இங்கு தரித்துத்தான் சென்னைக்குப் போனது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், கட்டுவன் மக்கள் இடம்பெயர்ந்தார்கள்; அவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அதன்பின் போர்க்காலத்தில் இங்கு விமானம் ஏறுவதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டு அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். 

2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பர் முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து வருகிறது. அடுத்த ஆண்டு திருச்சிச் சேவையும் சேர்ந்தது. ஓடுபாதையின் அளவு காரணமாக எழுபது சொச்சம் இருக்கைகளுள்ள ஏ.ரி.ஆர் 72 போன்ற சிறிய விமானங்களே இச்சேவையில் ஈடுபடுகின்றன. சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிடலாம். இறங்கினால் யாழ். நகரம் அரைமணிநேர ஓட்டம்.

இந்த வசதிக்குப் பின்னால் மூன்று நிபந்தனைகள் உள்ளன.

முதலாவது, விசா. ரொறன்ரோவிலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், சென்னையிலிருந்து பலாலிக்கு வேறொரு சீட்டுமாக வாங்கினால் சென்னையில் குடிவரவைக் கடந்து, பொதியை எடுத்து, மீண்டும் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா தேவை. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இருமுறை உள்நுழைகிறீர்கள். 30 நாள் இ-விசா இருமுறை நுழைய இடமளிக்கும். ஆனால் முதல் வருகையிலிருந்து 30 நாட்களுக்குள் எல்லாம் முடியவேண்டும். ஆறு வார விடுமுறை என்றால் ஓராண்டு விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, பொதி. பெரிய விமானத்தில் அனுமதிக்கப்பட்ட நிறை சிறிய விமானத்தில் கிடைக்காது. மேலதிக கிலோவுக்குக் கட்டும் பணத்தில் அந்தச் சாமானை ஊரிலேயே வாங்கலாம். கல்யாண நகைகளோடு வருவோர் இந்தியச் சுங்கத்தையும் கடக்கவேண்டியிருப்பதை மறக்கவேண்டாம்.

மூன்றாவது, நேர இடைவெளி. தனித்தனிச் சீட்டுகளில் முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது சீட்டின் பணம் போய்விடும். சென்னையில் ஓரிரவு இடைவெளி விடுவதே பாதுகாப்பு.

எப்போது வருவது?

ஐரோப்பியப் பள்ளி விடுமுறையும் நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவும் ஜூலை, ஓகஸ்டில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அக்காலத்துக்குச் சீட்டு விலை ஏறுவது நிச்சயம். பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்யுங்கள். ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. கார்த்திகையில் உறவுகளை நினைவுகூர வருவோர், மழையால் விமானமோ புகையிரதமோ தடைப்படலாம் என்பதைக் கணக்கிலெடுத்து ஒருநாள் முன்னதாகவே வாருங்கள். பெப்ரவரி, மார்ச்சில் மழையும் குறைவு, கூட்டமும் குறைவு.

ஆவணங்கள்

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் இங்கு பிறந்தவராக இருந்தாலும் இலங்கைக்கான இலத்திரனியல் பயண அனுமதியைப் பெறவேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதைப்போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் மேலதிகமாக அறவிடுகின்றன. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

சீட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். எங்களிடம் குடும்பப்பெயர் வழக்கம் இல்லாததால் தந்தை பெயர் ஒருவருக்கு முன்னாலும் இன்னொருவருக்குப் பின்னாலும் இருக்கும். பணம் செலுத்தமுன் ஒவ்வொருவரின் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நடக்கச் சிரமப்படும் அம்மா, அப்பாவுக்குச் சக்கர நாற்காலியைப் பதிவின்போதே கேளுங்கள்.

அகதி அந்தஸ்துடன் இருப்பவர்கள் மிகக் கவனமாக இருக்கவேண்டும். அகதிகளுக்கான பயண ஆவணம் பொதுவாகச் சொந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து ஊருக்கு வந்துபோனால், பாதுகாப்புத் தேவையில்லை என்று கருதி அந்தஸ்தையே நீக்க அந்நாடு நடவடிக்கை எடுக்கலாம். சாவீட்டுக்கு வந்தேன் என்ற காரணம் எப்போதும் கைகொடுக்காது. உங்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் சீட்டு வாங்காதீர்கள். இந்நிலையிலுள்ள பலர் பெற்றோரைச் சென்னைக்கோ திருச்சிக்கோ அழைத்து அங்கே சந்திக்கிறார்கள். அப்படி மகனைப் பார்க்கப் போகும் தாய்க்குப் பலாலி பெரிய உதவி. கொழும்புக்கு ஓர் இரவுப் பயணம் அவருக்கு மிச்சம்.

பலாலியில் இறங்கும்போது யன்னலோரம் இருந்தால் வெளியே பாருங்கள். வேலிக்குள் தெரியும் செம்மண் காணிகளில் இன்னும் விடுவிக்கப்படாதவை உண்டு. பிள்ளைகள் கேட்டால், அவை யாருடையவை என்று சொல்லுங்கள்.