தேனி வைஃபை இணைப்புகளும் குறிகை-இரைச்சல் விகிதமும்

மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1985-ல் தேனியில் ஒரு கிளை ஏற்பட்டது. சுற்றுக் கிராமத்தார் கண்ணைக் காட்டுவதற்கு ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏற வேண்டியிருந்தது. 2000-களின் நடுவில் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்கள் அமைந்தன. தேனியிலுள்ள மருத்துவர் காணொளி வழியாக நோயாளியிடம் பேசினார். இதற்கான இணைப்புகளை அமைத்தது, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழு. பயன்பட்டது வீட்டு வைஃபையின் தொழில்நுட்பமே. தூரம் மட்டும் 15 கி.மீ. வரை.

இரண்டு சுவர் தாண்டினால் மங்கும் வைஃபை அவ்வளவு தூரம் போகுமா? கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். அனுப்பும் திறன் 200 மில்லிவாட், அதாவது 23 டிபிஎம் எனக் கொள்வோம். (டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டைச் சுழியாகக் கொண்ட டெசிபெல் அளவு.) இரு முனைகளிலும் உள்ள ஆன்டெனாக்கள் 24 டெசிபெல் வீதம் 48 கூட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 15 கி.மீ. வெளியில் ஏறத்தாழ 124 டெசிபெல் இழக்கும். கேபிளில் 4 போகட்டும். வந்து சேர்வது −57 டிபிஎம். 22 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் வெப்ப இரைச்சல் −101. வாங்கும் கருவி தன் பங்காக 6 சேர்த்தால் −95. வித்தியாசம் 38 டெசிபெல்: குறிகை இரைச்சலைப் போல் சுமார் 6,300 மடங்கு. நொடிக்கு 11 மெகாபிட் வேகத்துக்கு 10 டெசிபெல் அளவே போதும். இரு முனைகளுக்கும் இடையே மரமோ மேடோ மறைக்கக் கூடாது என்பதே நிபந்தனை.

இரைச்சல் இருந்தாலும் ஓர் எல்லைக்குட்பட்ட வேகத்தில் பிழையின்றி அனுப்பலாம் என்று கிளாட் ஷானன் 1948-லேயே நிறுவியிருந்தார். ஆனால் அவருடைய சூத்திரம் சொல்லாத இடத்தில்தான் சிக்கல் வந்தது. 15 கி.மீ. கடக்க ரேடியோ அலைக்கு 50 மைக்ரோ விநாடி ஆகும். அக்கால வைஃபையின் காலக்கூறோ 20 மைக்ரோ விநாடி. எதிர்முனை பேசத் தொடங்கியது தெரியாமல் இம்முனையும் பேசும். தாமதமாக வரும் ஒப்புகையை எதிர்பாராமல், அனுப்பியதையே மறுபடி அனுப்பும். குறிகை பலமாக இருந்தும் வேகம் சரியும். 2007-ல் இக்குழு வெளியிட்ட வைல்ட்நெட் முறை, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி செய்து இதைத் தீர்த்தது. நகரங்களைக் கடக்கும் தொலைதூர இணைப்புகளில் பிற வைஃபைகளின் குறுக்கீடே தரவு இழப்புக்கு முக்கியக் காரணம் என்பதும் அதே ஆண்டு ஆய்வில் தெரிந்தது. வெப்ப இரைச்சலை மட்டும் கணக்கில் எடுப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

இன்னொரு எதிரி மின்சாரம். திடீரென எகிறியும் தாழ்ந்தும் வந்த மின்னழுத்தம் ரூட்டர்களைப் பழுதாக்கியது. அவற்றின் நினைவக அட்டைகளையும் கெடுத்தது. மின்னழுத்தம் மிகவும் இறங்கினால் கருவியைத் தானே துண்டிக்கும் சுற்றைச் சேர்த்த விவரத்தைக் குழு 2008-ல் வெளியிட்டது.