‘ஒன்ராறியோ’வுக்குக் கீழே ஒரு பலகை

இலங்கை ரயில்வேயின் 569 ஆம் இலக்க டீசல் எஞ்சினுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘ஒன்ராறியோ’. 570 ‘அல்பேர்ட்டா’, 571 ‘சஸ்காச்சுவான்’. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய நாடுகளின் மாநாட்டில் உருவானது கொழும்புத் திட்டம். அந்தத் திட்டத்தில் கனடா கொடுத்த எம்2 வகை எஞ்சின்கள் இவை. 1954 இல் ஓடத் தொடங்கின. செய்தது நம்முடைய மாகாணத்து லண்டன் நகரில் இருந்த ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலை. ரொறன்ரோவிலிருந்து 401 இல் இரண்டு மணி நேரம். நம் அம்மா அப்பாக்கள் இங்கே வருவதற்கு எவ்வளவோ முன்பே ‘ஒன்ராறியோ’ அங்கே போய்விட்டது!

ஸ்காபரோவில் இருக்கும் என் மாமா 569 ஐ 1:87 அளவில் செய்திருக்கிறார். அதை வைக்க ஒரு மரப்பீடம் செய்வது என் வேலை. மேப்பிள் பலகை எடுத்தேன். இங்கே பனிக்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றைக் காயவைத்துவிடும், மரம் சுருங்கும். மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் பூசினால் பலகை வளைந்துவிடும். அதனால் அடிப்பக்கத்துக்கும் அதே அளவு பூசினேன்.

பலகையை விடத் தண்டவாளம்தான் வில்லங்கம். கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது கனடாவின் 1435 மி.மீ. பாதைக்குப் பொருத்தம். இலங்கையில் ஆங்கிலேயர் போட்டது 1676 மி.மீ. அகலப்பாதை. அதாவது இந்த எஞ்சின் லண்டனில் பிறந்தாலும் கனடாவின் பாதையில் ஓட முடியாது. 1:87 இல் அது 19.3 மி.மீ. வரும். மாமா சக்கரங்களை அந்த அளவுக்கே அகட்டி வைத்திருந்தார். நான் சிலிப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, அதன்மேல் தண்டவாளம் வைத்தேன். மூன்று வாரம் போனது.

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை முழுப்பாதையும் திறந்தது 1905 இல். 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. அதை எம்2 எஞ்சின்களும் இழுத்திருக்கின்றன. 1990 ஜூனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லை. போரில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழற்றப்பட்டு பங்கர்களுக்குப் போயின. எஞ்சின்கள் தெற்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. வடக்கில் இல்லாமல் போனது அவற்றுக்குக் கீழே இருந்த பாதை. 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது, அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கு.

இதனால் எனக்கு ஒரு யோசனை. பீடத்தில் பாதிக்குப் பாதை, மீதி வெறும் மண். பார்க்கிறவர்களுக்கு நடந்தது விளங்கும் அல்லவா?

மாமா சம்மதிக்கவில்லை. “வேண்டாம் பிள்ளை. அந்த வெறும் பாதையிலை நான் சைக்கிள் உழக்கினனான். திரும்ப வீட்டிலை வைச்சுப் பாக்க ஏலாது. முழுசாப் போடு.”

வரலாற்றை மறைக்கிறோமோ என்று எனக்கு இப்போதும் ஒரு உறுத்தல் உண்டு. ஆனால் அந்த எஞ்சினும் அந்தப் பாதையும் அவருடையவை. முழுதாகப் போட்டேன். எஞ்சின் நடுவில் நிற்கிறது, முன்னும் பின்னும் நாலு விரல் நீளத்துக்குத் தண்டவாளம். முன்பக்கத் தகட்டில் மூன்று வரிகள்: 569 ஒன்ராறியோ. லண்டன், கனடா. 1676 மி.மீ.